ஐனாருக்கு நான் தேர்ந்துகொடுத்த துப்பாக்கி

துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் முதலில் எடையைப் பார்ப்பார்கள் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. முதலில் தோளில் முட்டுக்கொடுக்கிற கட்டையைத் தடவுவார்கள். இருபத்தாறு வருடமாக இந்தக் கடை மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துவருகிறேன். உப்புத் தண்ணீரில் கைத்தோல் உரிந்த மீன்பிடிக்காரர்களும் சரி, பள்ளிக்கூட ஆசிரியைகளும் சரி, பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும்போதே விரல் மட்டும் தானாக மரத்தின் மேல் போய்விடும். பிளாஸ்டிக் கட்டையை யாரும் தடவுவதில்லை. தூக்கித் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள்.

உட்காருங்கள், ஆபீசர். காப்பி இப்போதுதான் போட்டேன். ஜூனோவிலிருந்து இந்தக் காற்றில் மிதவை விமானத்தில் வந்திருக்கிறீர்கள், வயிறு புரட்டியிருக்கும். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். கொஞ்ச காலமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இந்த ஊர்ச் சாலை பதினான்கு மைல். இரண்டு பக்கமும் கடலில் போய் முடிந்துவிடும். சாயங்காலமானால் காரை எடுத்துக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வருவேன். நான்கு தடவை, ஐந்து தடவை. மருத்துவரிடம் சொன்னேன். மாத்திரை கொடுத்தார். இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு போய்வருகிறேன்.

அந்த நீளப் பையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கதவைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. வெளியே எடுக்க வேண்டாம். அந்தக் கட்டையின் ரேகை எனக்கு மனப்பாடம். ஐனாரின் மனைவி லொரெய்ன் அதை உங்கள் ஊரில் ஒரு துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் சுத்தம் செய்யக் கொடுத்தாள், அவர் கழற்றிப் பார்த்தார், உள்ளே ஒன்று அவருக்கு உறுத்தியது. அப்படித்தானே? நல்ல வேலைக்காரராக இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கழற்றவே மாட்டார்கள்.

கேட்க வந்ததைக் கேளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள்.

தெற்கேயிருந்து வருகிறவர்கள் அலாஸ்கா என்றால் பனி என்று நினைக்கிறார்கள். எங்கள் தீவில் மழைதான். வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் நாள் பெய்யும். மீதி நாளில் பெய்யப் பார்க்கும். அதனால் இந்தக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் ஒரே புத்திமதிதான் சொல்வேன். வால்நட் மரக் கட்டை அழகு. சந்தேகமே இல்லை. ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும். குடித்தால் ஊதும். ஊதினால் குழலை ஒரு பக்கமாக நெட்டும். போன வாரம் குறி வைத்த இடத்துக்குப் போன குண்டு இந்த வாரம் ஒரு முழம் தள்ளிப் போகும். நீலமும் கறுப்புமாக மெருகேற்றிய இரும்பும் அப்படித்தான், உப்புக்காற்றில் இரண்டே நாளில் துரு பூக்கும். ஆகவே எவர்சில்வர் குழலும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையும் வாங்குங்கள். பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் படகின் அடியில் கடல்தண்ணீரில் ஒரு வாரம் கிடந்தாலும் எடுத்துச் சுடலாம். அழகு வேண்டுமென்றால் வீட்டுச் சுவரில் மாட்ட இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கான பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன். ஒரே ஒருவனிடம்தான் மாற்றிச் சொன்னேன்.

ஐனார் டாலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவன் இறந்த பிறகுதான் நீங்கள் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்தீர்கள். பெரிய உருவம். சிவந்த கழுத்து. சால்மன் படகு வைத்திருந்தான். சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். நாய்களுக்கு அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒவ்வொரு அக்டோபரிலும் சேர்ந்துதான் வேட்டைக்குப் போவோம்.

அவன் என் உயிரைக் காப்பாற்றியவன். இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை, இப்போதும் மறுக்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு ஓடையைத் தாண்டும்போது குட்டிகளோடு இருந்த கரடி என்மேல் பாய்ந்தது. குப்புற விழுந்தேன். அது என் முதுகுப்பையின் மேல் ஏறி நின்று என் மண்டையைக் கவ்வியது. இதோ, முடியை ஒதுக்கினால் தழும்பு தெரியும். ஐனார் நாற்பது அடி தூரத்தில் நின்று, இரவல் வாங்கி வந்த பழைய துப்பாக்கியால் ஒரே குண்டில் அதைச் சாய்த்தான். என்னைத் தோளில் தூக்கிப்போட்டு இரண்டு மைல் நடந்து படகுக்குக் கொண்டுவந்தான்.

அந்தக் கரடி என்மேல் நின்ற நேரத்தில் நான் அம்மாவைக் கூப்பிட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. ஐனாருக்கு ஞாபகம் இருந்தது.

முதலில் மருத்துவமனையில் சொன்னான். பிறகு துறைமுகத்துக் காப்பிக் கடையில். பிறகு யார் கேட்டாலும், யாரும் கேட்காவிட்டாலும். "முப்பத்தாறு வயசு ஆம்பள. தாடி வச்ச ஆம்பள. 'அம்மா, அம்மா'ன்னு கத்துறான். அந்தக் கரடியே ஒரு நிமிஷம் யோசிச்சுது, நம்மளத்தான் கூப்பிடுறானோன்னு." இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகிவிடும். அவன் என் தோளில் கைபோட்டு இறுக்கிக்கொள்வான். அதில் கேலி கிடையாது. அன்புதான். அன்பாகச் சொல்லப்படுகிற ஒன்றுக்கு எதிராக என்ன செய்ய முடியும் என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

ஒரே ஒரு முறை அவனிடம் கேட்டுப் பார்த்தேன். படகில் வலை மடித்துக்கொண்டிருந்தோம்.

"ஐனார், அந்தக் கதைய விட்டுடேன்டா. பத்து வருஷமாச்சு."

"எந்தக் கதைய?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"ஏன்டா, அது நல்ல கதடா. நீ உயிரோட இருக்கியே, அதுதான்டா அதுல விஷயம்." அவன் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "உனக்குப் பிடிக்கலன்னா சொல்லல."

ஒரு மாதம் சொல்லாமல் இருந்தான். ஊர்க்காரர்கள் அவனைக் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தார்கள். பிறகு அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். என் அனுமதியும் சேர்ந்துகொண்டது போல ஆகிவிட்டது.

என் அம்மா இறந்தபோது தேவாலயக் கூடத்தில் சாப்பாடு போட்டோம். யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார் பாதிரியார். ஐனார் எழுந்தான். அவன் போட்டிருந்தது அவனிடம் இருந்த ஒரே கோட்டு, கையெல்லாம் குட்டையாகிவிட்டது. "ஹார்லன் சாவு வாசல்ல கெடந்தப்ப யாரக் கூப்பிட்டான் தெரியுமா?" என்று தொடங்கினான். முழுவதையும் சொன்னான். கடைசியில், "அந்தம்மாவுக்கு அன்னைக்கு இது கேட்டிருக்கணும். கேட்டிருக்கும்னுதான் நெனைக்கிறேன்" என்று முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள், அழவும் செய்தார்கள். என் அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவு அழகான பேச்சை எந்தச் சாவிலும் கேட்டதில்லை என்றார்கள். நான் கையில் உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் இந்த நிலைகொள்ளாமை தொடங்கியது. தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தக் கூடத்தை மூன்று தடவை சுற்றினேன்.

அதற்கு அடுத்த வருடம் மார்ச் மாதம் ஐனார் கடைக்கு வந்தான். அவனுடைய பழைய துப்பாக்கி சின்னப் படகு கவிழ்ந்தபோது கடலோடு போய்விட்டது. அவனுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. நல்லதாக ஒன்று வாங்கிக்கொள் என்று லொரெய்ன் சொல்லி, தானும் கூடவே வந்தாள்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐனார் அவலட்சணமானதைத்தான் வாங்க வந்தான். நேராக அலமாரிக்குப் போய் எவர்சில்வர் குழல், பிளாஸ்டிக் கட்டை போட்டதை எடுத்தான்.

"இதுதான நீ எல்லார் தலையிலயும் கட்டுற சாமான்? குடு, எனக்கும் ஒண்ணு கட்டு."

 பின்னறைக்குப் போய் மற்றதை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். அது யாரோ ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனது. ஒரு வருடமாகப் பின்னறையில் துணி சுற்றிக் கிடந்தது. கட்டையில் தேன்நிறமும் காப்பிக்கொட்டை நிறமும் புகைபோல ஒன்றுக்குள் ஒன்று ஓடும். இரும்பு அவ்வளவு ஆழமான கறுப்பு, அதில் ஜன்னல் தெரியும்.

ஐனாரின் விரல் மரத்தின் மேல் போனது.

"யப்பா," என்றான், மெதுவாக.

"எடுத்துத் தோள்ல வச்சுப் பாரு."

"வேணாம். வச்சா விட மாட்டேன்."

"அம்பது வயசுக்கு ஒரு தடவதான்டா வரும். அந்த இன்னொண்ணப் பாரு. பாத்திரம் கழுவுற தொட்டிலேருந்து குழாயக் கழட்டின மாதிரி இருக்கு."

அவன் சிரித்தான். லொரெய்ன் சிரிக்கவில்லை. அவளுக்கு எப்போதும் தெளிவான மூளை.

"இந்த மழைக்கு மரமா ஹார்லன்? நீயே வேணாம்னுதான சொல்லுவ?"

"பொதுவா வேணாம்தான். மத்தவங்க பராமரிக்க மாட்டாங்க. இவனுக்கு நான் உள்பக்கம் பூரா கழட்டி எண்ணெய் ஏத்தி, வார்னிஷ் அடிச்சுத் தரேன். குழலுக்கும் மரத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டுடறேன். ஒரு சொட்டு உள்ள போகாது."

"நிச்சயமா?"

"லொரெய்ன், இவன் என் உயிரக் காப்பாத்தினவன்."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. யாராலும் கேட்க முடியாது.

அதை ஒன்பது நாள் என்னிடம் வைத்திருந்தேன். வெளிப்பக்கம் நான் செய்த வேலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏழு பூச்சு எண்ணெய், ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து. மேலே தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருளும். உள்பக்கம் தொழிற்சாலையில் அடித்த மெல்லிய பூச்சு ஒன்று இருந்தது. அதன்மேல் நான் எதுவும் பூசவில்லை. இதைத்தான் மறந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். உங்களை அந்தப் பையோடு பார்த்ததும் அது எடுபடாது என்று தெரிந்துவிட்டது. சரி, அந்தப் பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். வெறும் மரம் தெரிகிற வரைக்கும். இடைவெளி விடுவதாகச் சொன்ன இடத்தில் மரத்தைக் குழலோடு இழைய விட்டேன். முன்பக்க நுனியில் காகிதம்கூட நுழையாது.

அடுத்த குண்டை இழுத்து ஏற்றுகிற போல்ட்டிலும் குண்டு போகிற அறையிலும் இருந்த எண்ணெய் அத்தனையையும் கரைத்துக் கழுவிவிட்டு, துருவைத் தடுக்க எதுவும் பூசாமல் அப்படியே பூட்டினேன். பிறகு ஊருக்கு வெளியே இருக்கிற கூரை போட்ட சுடும் இடத்தில் குறி சரிபார்த்தேன். காய்ந்த மரம், அற்புதமாகச் சுட்டது. நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒரு பாட்டில் மூடிக்குள் அடங்கின.

என்ன நினைத்துக்கொண்டு செய்தாய் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தடவை அவன் குறி தவற வேண்டும் என்று நினைத்தேன். என் கண்முன்னால். அவ்வளவுதான். அவன் திகைத்து நிற்பதை ஒரு முறை பார்க்க வேண்டும், பிறகு நான் சுட வேண்டும், என் குண்டில் மிருகம் விழ வேண்டும். ஊரில் சொல்வதற்கு எனக்கும் ஒன்று இருக்கும். இது கொலை செய்ய நினைக்கிறவனின் எண்ணம் இல்லை. இதை நான் பலமுறை புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

கோடையெல்லாம் அவன் மீன்பிடியில் இருந்தான். துப்பாக்கி அவன் வீட்டு வரவேற்பறையில் தொங்கியது. அக்டோபரில் ஸ்கேட் விரிகுடாவுக்குப் போனோம். அவன் படகில் ஆறு மணிநேரம். அங்கே வனத்துறையின் மரக் குடிசை ஒன்று உண்டு. இரண்டு பேருக்கும் கரடி உரிமம் இருந்தது.

எட்டு நாள் மழை. விட்டு விட்டுக்கூட இல்லை, ஒரே நூலாக. பகலெல்லாம் அலை ஒதுக்கிய கட்டைகளுக்கு நடுவில் நனைந்துகொண்டு கிடப்போம். சாயங்காலம் ஐனார் துப்பாக்கியைப் பாத்திரம் துடைக்கிற துணியால் துடைப்பான். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி. அடுப்புப் பக்கத்தில் ஆணியில் மாட்டுவான். மறுநாள் திரும்ப நனையும். என்னுடையது கறுப்புப் பிளாஸ்டிக்தான். அதை நான் குடிசைக்கு வெளியே, தாழ்வாரத்திலேயே சாய்த்து வைத்துவிடுவேன்.

"உன் தொட்டிக் குழாய் வெளிய அழுவுதுடா," என்பான்.

மூன்றாம் நாள், ஒரு டப்பாவை வைத்து இரண்டு குண்டு சுட்டுக் குறி பார்த்துக்கொள்கிறேன் என்றான். எந்த வேட்டைக்காரனும் செய்வதுதான். சத்தம் கேட்டால் விரிகுடாவில் ஒரு கரடி மிஞ்சாது என்று நான் சொன்னேன். "அதுவும் சரிதான்," என்று டப்பாவை எடுத்து வைத்துவிட்டான். நான் சொன்னால் கேட்டுக்கொள்வான். நான் அன்றைக்கு முழுக்கக் குடிசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என்னடா உனக்கு, எறும்பு கடிச்சுதா என்று கேட்டான்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். தண்ணீர் வடிந்த புல்வெளியில் ஒரு பெரிய ஆண் கரடி, மாடு மேய்கிற மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது. நூற்றறுபது கஜம். ஐனார் ஒரு கட்டையின் மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்தான். அவசரப்படவில்லை. அவன் சுடுவது பார்க்க நன்றாக இருக்கும், அந்த உடம்பு முழுக்க அசையாமல் நின்றுவிடும். தோளுக்குப் பின்னால் படவேண்டிய குண்டு. நான் என் துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்தொடைக்கு முன்னால், அடிவயிற்றில் பட்டது. கரடி சுழன்று தன் விலாவையே கடித்துவிட்டு ஆல்டர் புதருக்குள் ஓடிவிட்டது. நானும் சுட்டிருக்கலாம். சுடவில்லை. நான் ஐனாரின் முகத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

அந்த முகத்துக்காகத்தான் இத்தனையும். ஒரு கணம் திகைப்பு இருந்தது. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கட்டையில் உட்கார்ந்து, மழைத் தொப்பியைக் கழற்றி, சிரிக்க ஆரம்பித்தான்.

"ஹார்லன், என் ஆயுசுல இவ்ளோ கேவலமா நான் சுட்டதில்லடா. மாடு மாதிரி நின்னுச்சு. மாடு மாதிரி. காப்பிக் கடையில நானே சொல்றேன் பாரு, ஒருத்தனும் நாற்காலியில உக்கார மாட்டான், விழுந்து பொரளுவானுங்க."

அவன் அப்போதே அதைக் கதையாக்க ஆரம்பித்துவிட்டான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று உதடு அசைந்துகொண்டிருந்தது. அவமானம் அவன் உடம்பில் ஒட்டவே இல்லை. எண்ணெய் ஏற்றிய மரத்தில் தண்ணீர் உருண்டு போகிற மாதிரி போய்விட்டது. ஆபீசர், எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஏழு மாதம் காத்திருந்தேன். என்னை உள்ளே பதின்மூன்று வருடம் அரித்த ஒன்றை அவன் அரை நிமிடத்தில் சிரித்துத் துடைத்துப் போட்டான்.

காயம்பட்ட கரடியை விட்டுவிட்டு வரக்கூடாது. அது சட்டமும்கூட. அரைமணி நேரம் காத்திருந்தோம். அவன் போல்ட்டை இழுத்துப் பார்த்தான்.

"இது வேற மாவுக்குள்ள கைய விட்ட மாதிரி இழுக்குது. ஹார்லன், உன் துப்பாக்கியக் குடுக்கறியா? இதுமேல நம்பிக்க போயிடுச்சுடா."

நியாயமான கேள்வி. நானும் நியாயமாகத்தான் பதில் சொன்னேன்.

"புதருக்குள்ள பத்து கஜம்கூடத் தெரியாது. அந்தத் தூரத்துல எல்லாத் துப்பாக்கியும் நேராத்தான் சுடும். கைமாத்தினா உனக்கும் பழக்கமிருக்காது, எனக்கும் இருக்காது."

"அதுவும் சரிதான்."

"பின்னாடி நான் இருக்கேன்ல."

"அது போதும்," என்றான். அப்படியே சொன்னான். "என் குண்டு, என் வேல. நான் முன்னாடி போறேன்."

ஆல்டர் புதருக்குள் நடப்பது கூடை பின்னிய இடத்துக்குள் நுழைவது மாதிரி. கிளைகள் கிடைமட்டமாகப் போகும். இரத்தம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. ஐனார் பெரிய உருவம், சிரமப்பட்டுத்தான் போனான். நான் பதினொரு அடி பின்னால். பதினொன்று என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிறகு நான் அளந்தேன்.

கரடி தன் தடத்தைத் தாண்டிப் போய் வளைந்து வந்து பக்கவாட்டில் படுத்திருந்தது. இடது பக்கமிருந்து வந்தது. ஐனார் சுட்டான். தோளில் பட்டது, அது நிற்கவில்லை. அடுத்த குண்டுக்குப் போல்ட்டைத் தூக்கினான், எழும்பவில்லை. உள்ளங்கையால் அடித்தான். இன்னொரு தடவை அடித்தான். அப்போது கரடி அவன்மேல் இருந்தது.

என் அறிக்கையில் கிளைகள் மறைத்தன என்று எழுதியிருக்கிறேன். மூன்று விநாடி என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மூன்று விநாடியில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கிளைகள் இருந்தன. ஆனால் என் துப்பாக்கி தோளில் இருந்தது. தொலைநோக்கியை முதலிலேயே குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்திருந்தேன். விசையின் பாதுகாப்புப் பூட்டை விலக்கியாயிற்று. கரடியின் கழுத்து, காது, காதுக்குப் பின்னால் ஈர மயிர் பிரிந்து தோல் தெரிந்த இடம், எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தன.  எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் என் உடம்பு ஓரிடத்தில் நின்றது. அந்த அமைதியை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மழைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

பிறகு சுட்டேன். ஒரே குண்டு, காதுக்குப் பின்னால். கரடி அந்த இடத்திலேயே விழுந்தது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும். எட்டு நாள் மழையில் வெளியே நின்றது, ஒரு நூல் விலகவில்லை. அதற்குள் ஐனாருக்கு யாரும் எதுவும் செய்ய முடியாதபடி ஆகிவிட்டிருந்தது.

கரடியைப் புரட்டித் தள்ள எனக்கு ஒரு மணிநேரம் ஆயிற்று. அவனைப் படகுக்குக் கொண்டுவர மீதிப் பகல். அவன் என்னைத் தூக்கியது இரண்டு மைல். இது அரை மைல்கூட இல்லை, ஆனால் அவன் கனம். அவன் துப்பாக்கியை அங்கேயே கடலில் போட்டிருக்கலாம். யோசித்தேன். அவ்வளவு அழகான சாமானைப் போட மனம் வரவில்லை. துடைத்து லொரெய்னிடம் கொடுத்தேன். இன்றைக்கு நீங்கள் இங்கே வந்திருப்பதற்கு அதுதான் காரணம். நான் அதற்காக வருத்தப்படவில்லை.

அவனுக்கும் அதே கூடத்தில்தான் சாப்பாடு. என்னைப் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினேன். அவனைப் பற்றிச் சிரிக்கிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதையாவது நான் அவனுக்குச் செய்தேன்.

எல்லோரும் போன பிறகு லொரெய்ன் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"கடைசியில ஏதாவது சொன்னானா ஹார்லன்?"

"நேரமே இல்ல லொரெய்ன். ஒரு நொடிதான். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீயாவது கூட இருந்தியே," என்றாள்.

நான் அவளிடம் பொய் சொன்னது அந்த ஒரு இடத்தில்தான். அதை இப்போது சரிசெய்துவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று விநாடி இல்லை. நான் பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நாற்பதுக்குக் குறையாது. அவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான், துப்பாக்கி என் தோளில் இருப்பதையும் பார்த்தான். அம்மாவைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டான். பெயர் சொல்லி, இரண்டு முறை. முதல் முறை கட்டளை மாதிரி இருந்தது. இரண்டாவது முறை கேட்கிற மாதிரி இருந்தது, அவன் என்னிடம் அப்படி எதையும் கேட்டதே இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் நிச்சயமாகச் சுட்டிருப்பேன்.